மிட்டாயின் மாறுவேடம்: புரோட்டீன் பாரும் உடல் மெலிதலும்

1

சென்ற மாத வாசகர் சந்திப்பு முடிந்து, வழக்கம்போல் தேநீரும் மசால் வடையும் வந்து சேர்ந்த வேளையில், நண்பர் ஒருவர் வடைத்தட்டை விலக்கிவிட்டுத் தம் தோள்பையிலிருந்து பளபளக்கும் உறை ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே சாக்லேட் பூசிய சிறு செவ்வகம். ‘சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றீர்களே, இப்போது சாக்லேட்டா?’ என்று ஒருவர் கேட்டார். ‘இது ஸ்வீட் இல்லைங்க, புரோட்டீன்’ என்றார் நண்பர்.

நண்பருக்கு வயது நாற்பத்தாறு. வங்கியில் வேலை. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஆறு கிலோவாவது எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லி ஐந்து மாதங்களாகின்றன. அன்றிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். அங்குள்ள பயிற்றுநர் சொற்படி நாளொன்றுக்கு இரண்டு புரோட்டீன் பார்: அலுவலகத்தில் பதினொரு மணிக்கு ஒன்று, மாலைப் பயிற்சி முடிந்ததும் ஒன்று. அந்தப் பார்கள் கூடத்தின் வரவேற்பு மேசையிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. ஐந்து மாத முடிவில் அவருடைய எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. ‘தசை கூடியிருக்கும் சார்’ என்று பயிற்றுநர் ஆறுதல் கூறியிருக்கிறார். நண்பருடைய இடுப்புவாரின் துளைகள் அதை ஒப்புக்கொள்வதாக இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு நண்பர் குறுக்கிட்டார். ‘நம் ஊர்க் கடலை மிட்டாயைத் தின்றிருந்தால் இந்த வினையே இல்லை. நம் முன்னோர் அறியாத புரதமா?’ என்று தொடங்கிக் கால்மணி நேரம் பேசினார். மரபு, வெள்ளைக்காரன், பன்னாட்டு நிறுவனம் எல்லாம் வந்து போயின. கைதட்டலும் கிடைத்தது.

இருவர் கூற்றும் பிழை என்பதே எங்கள் கட்சி. அன்று கூட்டத்தில் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறோம். இலக்கியப் பக்கத்தில் தின்பண்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வோம். ஒரு பண்டம் தன் பெயரை மாற்றிக்கொண்டு நம் வீட்டுக்குள் நுழையும்போது முதலில் ஏமாறுவது மொழி. வயிறு அதற்குப் பிறகுதான் ஏமாறுகிறது.

2

இந்தப் பண்டம் பிறந்த கதையைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரையன் மேக்ஸ்வெல் என்பவர் கனடாவைச் சேர்ந்த மாரத்தான் ஓட்டக்காரர். 1983இல் லண்டனில் நடந்த ஓட்டத்தில், முக்கால் பங்குத் தூரத்துக்கு மேல் கடந்தபின், உடலில் இருப்பிலிருந்த எரிபொருள் தீர்ந்து அவர் தளர்ந்துபோனார். ஓடிக்கொண்டே தின்னக்கூடிய, வயிற்றைப் புரட்டாத, செறிவான உணவு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்து வந்தது. பின்னாளில் அவர் மனைவியான ஜெனிஃபர் பிடல்ஃபுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1986இல் பவர்பார் நிறுவனத்தைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் நெஸ்லே அதை 37.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பார் மெலிவதற்காகச் செய்யப்பட்டதன்று. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுபவனின் உடலுக்குள் சிறிய பொதியில் நிறைய ஆற்றலைச் செலுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதில் முதன்மையாக இருந்ததும் மாவுச்சத்தே. உட்கார்ந்து வேலை செய்பவர் அதன் வழித்தோன்றலை நாளைக்கு இரண்டு தின்று இளைக்க எண்ணுவது, தீ அணைக்கப் போகிறவன் விறகுக்கடையில் ஏறி இறங்குவதைப் போன்றது.

பிறகு இந்தத் தொழிலை வாங்கிக்கொண்டவர்கள் யார் என்று பார்ப்போம். சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 2019இல் ஒன் பிராண்ட்ஸை வாங்கியது. மார்ஸ் 2020இல் கைண்ட் நிறுவனத்தை வாங்கியது. கேட்பரியின் உரிமையாளரான மாண்டலீஸ் 2022இல் கிளிஃப் பாரை 290 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவிலும் இதே ஓட்டம்தான். பெங்களூரில் தொடங்கிய யோகா பார் 2023இலிருந்து ஐ.டி.சி.யின் கைக்குள் வரத் தொடங்கியது. காம்ப்ளானும் குளுக்கான்-டியும் விற்கும் சைடஸ் வெல்னஸ், மேக்ஸ் புரோட்டீன் தயாரிக்கும் நிறுவனத்தை 2024இல் ஏறத்தாழ 390 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இதில் சட்டக் குற்றம் எதுவுமில்லை. ஆனால் சாக்லேட்டின் இலக்கணம் அறிந்தவர்கள் இத்தனை பேர் ஒரு பண்டத்தின்மேல் இவ்வளவு பணம் போடும்போது, அது எந்த இனத்தைச் சேர்ந்த பண்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். தெரியாதவர்கள் வாங்கித் தின்னும் நாம்தாம்.

3

இனி உறையைத் திருப்பி, பின்புறத்தைப் படிப்போம். சிற்றிதழில் அடிக்குறிப்பை விடாமல் படிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது கடினமாக இராது.

அறுபது கிராம் எடையுள்ள பாரில் இருபது கிராம் புரதம் இருக்கும். கலோரி 220 முதல் 250 வரை. ஒரு கிராம் புரதத்துக்கு நான்கு கலோரி என்ற கணக்கில் புரதம் தருவது எண்பது. மீதி முழுவதும் கொழுப்பும் மாவுச்சத்தும். பத்து கிராம் புரதம் மட்டுமே உள்ள மலிவுவகைப் பார்களில் புரதத்தின் பங்கு ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். உறையின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பதோ அந்த ஒரு பங்கின் பெயர் மட்டும்.

அடுத்து இனிப்பு. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றிருந்தால் இரண்டு வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருக்கும். ஒன்று பேரீச்சம்பழ விழுது. பேரீச்சை நல்ல பழம்தான், ஆனால் உலர்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரையே. இன்னொன்று மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள். இவற்றின் கலோரி சர்க்கரையைவிடக் குறைவு, ஆனால் சுழியன்று. மால்டிடால் ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றவே செய்யும். அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். எங்கள் நண்பர் சில வாரங்களாகத் தம் வயிற்றுப் பொருமலுக்கு உளுந்தைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். கலோரியே இல்லாத இனிப்பூட்டிகளைப் பொறுத்தவரை, எடைக் கட்டுப்பாட்டுக்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது.

மூன்றாவது, புரதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. பாலிலிருந்து பிரித்த வே புரோட்டீனும் சோயாவும் தரமானவை. ஆனால் சில பார்களில் கணக்கை உயர்த்துவதற்குக் கொலாஜன் சேர்க்கப்படுகிறது. நமக்கு இன்றியமையாத அமினோ அமிலங்களுள் ஒன்றான டிரிப்டோஃபான் அதில் அறவே இல்லை. உடலுக்குப் பயன்படும் தகுதியை வைத்துப் புரதங்களுக்கு மதிப்பெண் போடும் முறையில் தனிக் கொலாஜன் வாங்குவது சுழி. உறையின் முன்புறத்திலுள்ள எண்ணிக்கையில் மட்டும் அதுவும் புரதமாகவே எண்ணப்படுகிறது.

இதன் அடுத்த கட்டமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2024இல் அறிமுகமான டேவிட் என்னும் பாரில், உறையின் கணக்குப்படி, 28 கிராம் புரதமும் 150 கலோரியும்தான். எப்படிச் சாத்தியம்? அதில் உள்ள கொழுப்பின் ஒரு பகுதி, உடல் பெரும்பாலும் செரிக்க முடியாதபடி வேதிமுறையில் மாற்றியமைக்கப்பட்டது. உணவு என்றால் செரிப்பது என்று நாம் எண்ணியிருந்தோம். செரிக்காமையே இப்போது ஓர் உணவின் விற்பனைத் தகுதியாகிவிட்டது.

4

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. மூன்று முட்டையில் ஏறத்தாழ 18 கிராம் புரதமும் 215 கலோரியும் இருக்கின்றன. நல்ல பார் ஒன்றில் இருபதும் 220உம். ஆக, வெறும் எண்களின் போட்டியில் பார் தோற்கவில்லை. விலையில் தோற்கிறது. இன்றைய சென்னை விலையில் மூன்று முட்டை இருபது ரூபாயைச் சுற்றி நிற்கிறது. இருபது கிராம் புரதம் தரும் பார் பெரும்பாலும் நூறு ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நாளைக்கு இரண்டு என்றால் மாதம் ஆறாயிரம். ஆனால் விலையைக்கூட விட்டுவிடலாம். பணம் உள்ளவர் தருகிறார்.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மூன்று முட்டை தின்றவருக்குத் தாம் உண்டோம் என்பது தெரியும். அடுத்த வேளையில் அவர் கை தானாகவே ஓர் இட்லியைக் குறைக்கும். பார் தின்றவரோ ‘காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை’ என்பார். நண்பர் அப்படித்தான் சொன்னார். பதினொரு மணிப் பார் அவருடைய மதிய உணவில் ஒரு கவளத்தையும் குறைக்கவில்லை. மாலைப் பாருக்குப் பின் இரவுச் சப்பாத்தியும் குறையவில்லை. அவர் கணக்கில் அந்தப் பார்கள் உணவாக எழுதப்படவே இல்லை, பயிற்சியின் ஒரு பகுதியாக எழுதப்பட்டன. நாளொன்றுக்கு 440 கலோரி இப்படிக் கணக்கில் வராமலே உள்ளே போயிற்று. ஒருமணி நேர எடைப்பயிற்சியில் அவர் செலவழித்தது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அன்று அவர் மறுத்தாரே சிறிய மசால் வடை, அது ஒரு பாரைவிடக் கூடுதல் கலோரி கொண்டிருக்க வாய்ப்பேயில்லை. வடையைத் தின்றிருந்தால் வடை தின்றோம் என்ற உறுத்தலாவது மிஞ்சியிருக்கும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. இருபது பேர், இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தப்படாத உணவு. பரிமாறப்பட்டவற்றில் கலோரி, புரதம், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டுமளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடியது. மற்ற வாரங்களில் அதே அளவு குறைந்தது. சிறிய ஆய்வுதான், பார்களை மட்டும் வைத்துச் செய்ததுமன்று. ஆனால் தட்டில் வைக்கப்படும் சத்துகளின் எண்கள் ஒன்றாக இருந்தாலும் உண்ணும் மனிதன் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை அது காட்டிவிட்டது. எண்ணை மட்டும் விற்பவர்கள் நமக்குச் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

5

அப்படியானால் புரதமே வேண்டாமா? வேண்டும். அதில் எங்களுக்கு ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 58 கிராம். நம் தட்டில் சோறு மிகுந்தும் பருப்பு குறைந்தும் இருக்கிறது என்பதும் உண்மை. எடையைக் குறைக்கும்போது தசை கரையாமல் காப்பதற்குப் புரதம் உதவும். பசியையும் சற்றுத் தள்ளிப்போடும். வயது ஏறஏற அதன் தேவை கூடும்.

ஆனால் எவ்வளவு? எடை தூக்கிப் பயிற்சி செய்வோரை வைத்து நடந்த 49 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த தொகுப்பாய்வு, கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் சென்றால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் தெரியவில்லை என்றது. அது மேல்வரம்பு, அதுவும் கடும் பயிற்சிக்கு. வாரம் நான்கு நாள் ஒருமணி நேரம் பயிற்சி செய்யும் வங்கி ஊழியர் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நின்றால் போதும். அரிசியும் கோதுமையுமாக 250 கிராம், பருப்பு 50 கிராம், பாலும் தயிருமாக 300 மில்லி, ஒரு முட்டை என்று உண்பவருக்கே ஏறக்குறைய 50 கிராம் கிடைத்துவிடுகிறது. இன்னும் இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, ஒரு துண்டு மீனோ சேர்ந்தால் குறை தீர்ந்தது. பயிற்சி முடிந்த அரைமணிக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் உழைப்பு வீண் என்ற கூடத்து வேதவாக்கும் நிற்கவில்லை. நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவே முதன்மையானது என்பதை 2013இல் வந்த தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகளில், உடற்கட்டை வளர்ப்பதற்காகப் புரதத் துணைச்சத்துகளை உட்கொள்வதைத் தவிருங்கள் என்பது தனியொரு நெறியாகவே இடம்பெற்றிருக்கிறது.

6

புரதப் பித்து நம் காலத்துக்கே உரியது என்று எண்ணுவதும் பிழை. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், தசை உழைக்கும்போது புரதமே எரிந்து தீர்கிறது என்று கற்பித்தவர். அவர் பெயரைத் தாங்கிய இறைச்சிச்சாறு நிறுவனம் 1865இல் தொடங்கப்பட்டது. உருகுவேயின் ஃப்ரை பென்டோஸில் மாடுகளைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு, வலிமையின் வடிசாறாக ஐரோப்பா முழுவதும் விற்றது. உண்மையில் அதில் சுவையும் உப்பும் இருந்த அளவுக்குப் புரதம் இல்லை. அதே 1865இல் அடால்ஃப் ஃபிக், யோஹானஸ் விஸ்லிசேனஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்பிருந்தே புரதமற்ற மாவுப் பண்டங்களையும் கொழுப்பையும் சர்க்கரை கலந்த தேநீரையும் மட்டும் உண்டு, தங்கள் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்த புரதத்தின் ஆற்றல் அவர்கள் ஏறிய உயரத்துக்குப் போதாது என்று கணக்கு காட்டியது. மலையில் அவர்களை ஏற்றிவிட்டது மாவும் கொழுப்புமே. அறிவியலில் லீபிக்கின் கொள்கை சாய்ந்தது. சாறு மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து இதே நாடகம் ஏழை நாடுகளை மேடையாக்கி நடந்தது. உலகம் புரத நெருக்கடியை நோக்கிப் போகிறது என்று 1968இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை எச்சரித்தது. பெட்ரோலியத்தில் நுண்ணுயிர் வளர்த்துப் புரதம் எடுக்கும் திட்டங்கள்கூட வந்தன. அப்போது எதிர்க்குரல் எழுப்பியவர்களில் இந்தியர் இருவர் முக்கியமானவர்கள்: புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே, ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். தானியமும் பருப்பும் கலந்த நம் உணவு வயிறு நிறையக் கிடைத்தால் பெரும்பாலும் புரதமும் போதிய அளவு கிடைத்துவிடும், ஏழைக்குக் குறைவது உணவு என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, நடந்தது அனைத்தையும் மாபெரும் புரதத் தோல்வி என்றே தலைப்பிட்டு அழைத்தது.

அன்று உணவில்லாதவனிடம் ‘உனக்குக் குறைவது புரதம்’ என்றார்கள். இன்று உணவு மிகுந்தவனிடமும் அதையே சொல்கிறார்கள். பசித்தவனுக்கும் பருத்தவனுக்கும் ஒரே மருந்தைக் காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நம்மில் பலர் ‘ஆரோக்கிய பானம்’ குடித்து வளர்ந்தவர்கள். அப்படியொரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்று சொல்லி, போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான். அந்த ஒரு சொல் சரியாவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கலாம்.

7

இனி நம் கடலை மிட்டாய் நண்பரிடம் வருவோம். கைதட்டல் வாங்கியவர் என்பதால் அவரிடம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கும் அதில் மகிழ்ச்சியே, எங்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் முப்பது கிராம் கடலை மிட்டாயில் ஏறத்தாழ 150 கலோரி, புரதம் நான்கைந்து கிராம். வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. கரிசல் மண்ணில் விளைந்தது என்பதால் கலோரி தமிழ் படித்துத் திருந்திவிடாது. எல்லைக்கோட்டுச் சர்க்கரை உள்ளவருக்குப் பாரைப் பிடுங்கிவிட்டுக் கடலை மிட்டாயைக் கொடுப்பது ஒரு கம்பெனியின் ஏமாற்றுக்குப் பதிலாக நம் சொந்த ஏமாற்றைத் திணிப்பதாகும். கடலை மிட்டாயின் பெருமை வேறு. தன் பெயரிலேயே தன்னை மிட்டாய் என்று அறிவித்துக்கொள்கிறது அது. இளைக்கவைப்பேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாணயத்தை அதற்குப் பாடுகிற நம் மரபுக் காவலர்கள் கடைப்பிடிப்பதில்லை.

அடுத்து, ‘வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டல் செய்துகொள்வதுதானே’ என்கிறார்களே, இதைச் சொல்வது பெரும்பாலும் யார்? எங்கள் கூட்டத்தில் சொன்னவர்கள் அனைவரும் ஆண்கள். முந்தைய இரவு கொண்டைக்கடலையை ஊறவைக்க நினைவு வைத்திருப்பதும், காலையில் குக்கர் வைப்பதும், தாளித்து டப்பாவில் அடைப்பதும் அவர்கள் வேலையாக இருந்ததில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த தோழி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘நீங்கள் வேண்டாம் என்கிற அந்தப் பார்தான் எனக்கு இரவுப் பணியில் கிடைக்கிற ஒரே சாப்பாடு. மூன்று மணிக்கு கேன்டீனில் சிப்ஸும் பஃப்ஸும் மட்டும் இருக்கும். என் விடுதி அறையில் அடுப்பு வைக்க அனுமதியில்லை.’ இதற்கு எங்களிடம் மறுப்பில்லை. அவர் ஒரு வேளை உணவுக்குப் பதிலாக அதை உண்கிறார், உண்டதைக் கணக்கிலும் வைத்திருக்கிறார். பஃப்ஸைவிட அது மேலானதே. நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர், மலையேறுபவர், உணவு கிடைக்காத ரயில் பயணத்தில் இருப்பவர் ஆகியோருக்கும் அப்படியே. பார் பிறந்ததும் அத்தகையோருக்காகத்தான்.

ஆகவே எங்கள் முடிவு இது. உணவு கிடைக்காத இடத்தில் உணவுக்குப் பதிலாக உண்ணும் புரோட்டீன் பார் பயனுள்ளது. உணவோடு கூடுதலாக, மெலிவதற்கென்று உண்ணும் புரோட்டீன் பார் விலையுயர்ந்த மிட்டாய். மெலிய விரும்புகிறவருக்கு அது தேவையில்லை, பெரும்பாலும் தடையாகவும் இருக்கும். வாங்கியே தீர வேண்டுமென்றால் உறையின் பின்புறத்தைப் படியுங்கள்: மொத்தக் கலோரி எவ்வளவு, புரதம் எதிலிருந்து வந்தது, இனிப்பு எதிலிருந்து வந்தது. பிறகு, இன்று இதற்காக எந்த உணவைக் குறைக்கப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

8

இறுதியாக ஒரு சொல். இந்தப் பார்களின் விளம்பரங்களில் ‘குற்றவுணர்வின்றி உண்ணுங்கள்’ என்ற பொருளில் ஒரு வாசகம் ஓயாமல் வருகிறது. தின்பதில் குற்றம் எங்கிருந்து வந்தது? தொப்பையைக் காட்டி வெட்கப்படவைப்பதும் அதே சந்தை, வெட்கத்துக்குக் கழுவாய் விற்பதும் அதே சந்தை. எங்கள் நண்பர் மருத்துவரின் சொல்லைக் கேட்டு அஞ்சி, நாற்பத்தாறு வயதில் முதன்முறையாகத் தம் உடலைக் கவனிக்கத் துணிந்தவர். ஐந்து மாதம் ஒருநாள்கூடச் சோம்பாமல் உழைத்தவர். முடிவில் ‘என் உடம்பு வாகு அப்படி, எனக்கெல்லாம் இறங்காது’ என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அவரிடமிருந்து பறிபோன முப்பதாயிரம் ரூபாயைவிட இந்த நம்பிக்கையிழப்பே எங்களுக்குப் பெரிதாகப்படுகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். தோற்றது அவர் உடம்பல்ல என்று அவரிடம் யாரேனும் சொல்ல வேண்டியிருந்தது.

நண்பர் இரண்டு பார்களையும் நிறுத்திப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பயிற்சியை விடவில்லை. மூன்று மாதம் கழித்து எடை எப்படியிருந்தாலும் இங்கேயே எழுதுவோம். அடுத்த கூட்டத்துக்குச் சுண்டல் என்று முடிவாகியிருக்கிறது. முதல்நாள் இரவு கடலையை ஊறவைப்பதும் மறுநாள் தாளித்துக் கொண்டுவருவதும், கடலை மிட்டாய்க்காக முழங்கிய நண்பரின் பொறுப்பு.